கண்ணில் விட்ட சொட்டு

ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் எனக்கு நெஞ்சுவலி வந்தது என்கிறார்கள். மீதிப்பேர் சுகர் என்கிறார்கள். டீக்கடைக்காரர் ஒருவர், எனக்கு வலிப்பு வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்ததைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லை. நான் விழுந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கண்ணாஸ்பத்திரியில், சோதிப்பதற்காகச் சொட்டு மருந்து விட்ட பிறகு. அதிலிருந்து நடந்ததை எழுதிவைக்கிறேன். வீட்டில் யாருக்காவது கண்ணுக்கு மருந்து விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, அந்தப் பாட்டிலை ஒரு தரம் கையில் எடுத்துப் பாருங்கள்.

நான் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் செக்கிங். சேத்தூரிலோ வன்னியம்பட்டி விலக்கிலோ திடீரென்று ஏறி டிக்கெட்டைக் காட்டு என்று கேட்கிற ஆள். இந்த வேலையில் யாரையும் நம்பினால் சம்பளம் தேறாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாப்பாடு போட்டால்கூட அரிசி எங்கே வாங்கினது என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பேன் என்று என் வீட்டுக்காரி முத்துலட்சுமி எல்லாரிடமும் சொல்லுவாள். அவள் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறவள். என்னோடு வாதாட அவளுக்கு நேரம் கிடையாது.

கம்பெனியில் புது மேனேஜர் வந்தார். வந்ததும், எல்லாரும் கண் டெஸ்ட் எடுத்துச் சர்டிபிகேட் கொடுக்கணும் என்றார். டிரைவருக்குக் கண் டெஸ்ட் சரி. வண்டியே ஓட்டாத எனக்கு எதற்கு? என்னைக் கழற்றிவிட்டு அவருடைய மச்சினனை உள்ளே கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்கு அப்போதே பட்டது. அவருக்கு மச்சினனே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இதில் எனக்கு உள்ளூரப் பயம் வேறு. கொஞ்ச நாளாகவே கண் உறுத்தியது. சாயங்காலமானால் எரிச்சல், எழுத்து கலங்கித் தெரியும். அது வெளியே தெரிந்தால் மேனேஜருக்குக் கொண்டாட்டம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. பேச்சியக்காவிடம் மட்டும் சொன்னேன்.

பேச்சியக்கா என் கூடப் பிறந்த அக்கா. அத்தான் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறாள், பிள்ளை இல்லை. அவளுக்குக் கண் பிரஷர். கண்ணுக்குள்ளே இருக்கிற நீர் வடியாமல் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்துவிடுகிற நோய். வலிக்காது, உறுத்தாது, சிவக்காது. அதுதான் அதில் மோசம். அக்காவுக்கு இடது கண் போன பிறகுதான் நோய் இருப்பதே தெரிந்தது. வலது கண்ணாவது நிற்கட்டும் என்று காலையும் ராத்திரியும் விட ஒரு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். ஆயுசுக்கும் விடணும்.

நான் கண் உறுத்துகிறது என்றதும் அக்கா அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். "பார்வையைக் காப்பாத்துற மருந்துடா. என் கண்ணைக் காப்பாத்துறது உன் கண்ணைக் காப்பாத்தாதா?" என்றாள். நான் உலகத்தில் எந்த மருந்தையும் தேதி பார்க்காமல் தொடமாட்டேன். இதை மட்டும் பார்க்கவில்லை. அக்கா மடியில் தலையைச் சாய்த்துக் கண்ணைத் திறந்து காட்டினேன். அதிலிருந்து தினமும் இரண்டு வேளை. ஒரு சொட்டு என்றால் அவளுக்கு மனசு கேட்காது, சிந்தினது போக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று விடுவாள். முந்தானையால் துடைத்தும் விடுவாள். உறுத்தல் குறைந்த மாதிரியும் இருந்தது.

அந்த நாட்களில் உடம்பில் ஒரு அசதி. பஸ்ஸில் ஏறினால் மூச்சு வாங்கும். புது வண்டிகளில் படியை உயரமாக வைத்துவிட்டான் என்று கம்பெனியைத்தான் திட்டினேன்.

கண்ணாஸ்பத்திரியில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு பெண் வந்து, அண்ணாந்து பாருங்க என்று சொல்லி இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். என்ன மருந்து என்று கேட்டேன். பாவையை விரிக்கிற மருந்து என்றாள். அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் பெரிதானால்தான் டாக்டர் அது வழியாக உள்ளே பார்க்க முடியும். பாட்டிலைக் காட்டு என்றேன். காட்டினாள். தேதி சரியாக இருந்தது, ஆனால் பாட்டில் பாதிக்கு மேல் காலி. எனக்கு முன்னால் எத்தனை பேர் கண்ணைத் தொட்டு வந்ததோ என்று கேட்டதற்கு, கண்ணில் படாமத்தான் விடுவோம் சார் என்று பட்டும்படாமல் சொல்லிவிட்டுப் போனாள். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்டிருந்தாள். பி.பி. மாத்திரை மட்டும் என்றேன். சொட்டு மருந்து விடுகிறேன் என்று சொன்னால் அது சர்டிபிகேட்டில் ஏறும், சர்டிபிகேட் மேனேஜர் மேஜைக்குப் போகும்.

செத்த நேரம் கழித்து மறுபடி வந்து விட்டாள். வெளிச்சமெல்லாம் கூச ஆரம்பித்தது. பிறகு கண்ணின் அழுத்தம் பார்க்கணும் என்று, மரத்துப்போகிற மருந்து ஒன்றை விட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். காதுக்குள் ஒரு இரைச்சல். உள்ளங்கை வேர்த்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். யாரோ என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன், பர்ஸ் இருந்தது. கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மருந்து விட்டதும் பயத்தில் தலை சுற்றி விழுகிறவர்கள் உண்டு, படுத்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் நான் படுத்தும் சரியாகவில்லை. நாடித்துடிப்பு ரொம்பக் கம்மியாக இருக்கிறது, உடனே இதயத்தைப் பார்க்கிற இடத்துக்குப் போங்கள் என்றார்.

கண்ணைக் காட்ட வந்தவனை நெஞ்சுக்கு அனுப்புகிறார்கள். மருந்து விட்டு விழவைத்து, அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை என்று ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே முடிவு கட்டினேன்.

ராஜபாளையத்தில் முத்துலட்சுமிக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் ஒட்டுப்போட்டு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தலைமாட்டில் ஒரு திரை, அதில் பச்சைக் கோடு, பக்கத்தில் நம்பர். சாதாரணமாக ஒரு மனுசனுக்கு நிமிடத்துக்கு எழுபதுக்குப் பக்கம் துடிக்கும். எனக்கு நாற்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் மறுபடி விழுவேன் என்றார் டாக்டர். என் மகன் வயசு இருக்கும் அவருக்கு. சட்டை கசங்கி, தூக்கம் கெட்ட முகம்.

எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அந்த ஒயர் எனக்குத்தான் மாட்டியிருக்கிறதா, பக்கத்துக் கட்டிலுக்கா என்று கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள், எதற்கு என்றேன். தைராய்டு, உப்புச்சத்து என்றார்கள். எக்கோ என்று நெஞ்சில் பசையைத் தடவி, இதயம் அடிப்பதைத் திரையில் காட்டினார்கள். படத்தில் எல்லாம் நல்லா இருக்கு என்றார் எடுத்தவர். நல்லா இருந்தால் ஏன் படுக்கவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து டாக்டரைக் கேளுங்க என்றுவிட்டார். ராத்திரியானால் அந்த இயந்திரம் டிங் டிங் என்று அடிக்கும். அது நின்றுவிடுமோ என்று பயந்து நான் தூங்குவதில்லை. தூங்காததால் காலையில் இன்னும் கோபம்.

என்னென்ன மருந்து எடுக்கிறேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பி.பி. மாத்திரை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த மாத்திரையே துடிப்பைக் குறைக்கிற வகைதான், அதை நிறுத்திப் பார்ப்போம், துடிப்பு தானாக ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இவனாவது உள்ளதைச் சொல்கிறானே என்று நினைத்தேன்.

கூட இருந்து பார்த்துக்கொண்டது பேச்சியக்காதான். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். இந்த ஆஸ்பத்திரி பழக்கமில்லாத இடம், அதனால் தடவுகிறாள் என்று நினைத்தேன். முத்துலட்சுமி ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டின தலையோடு கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். கேன்டீன் சாப்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கா காலையிலும் ராத்திரியும் கட்டிலைச் சுற்றின துணித்திரையை இழுத்துவிட்டு, வயர்க்கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து என் கண்ணில் விடுவாள். இவங்க பார்த்தால் இதையும் நிறுத்திவிட்டு அவங்க கடை மருந்தைத் தலையில் கட்டுவாங்க, மறைச்சே விடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். நர்ஸ் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் பாட்டிலை மடியில் சொருகிக்கொள்வாள்.

மாத்திரையை நிறுத்தி நாட்கள் ஓடின. துடிப்பு ஏறவில்லை. சும்மா ஐம்பதைத் தொடும், திரும்ப இறங்கும். ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். மில்லுக்குப் போகிற வழியில் முத்துலட்சுமியும் வந்திருந்தாள். மாத்திரையை நிறுத்தியும் ஏறவில்லை என்றால் கோளாறு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது என்றார் அவர். இதயத்தைத் துடிக்கச்சொல்லி உள்ளே ஒரு சின்னக் கரண்டு ஓடுகிறதாம். அது கிளம்புகிற இடமோ போகிற பாதையோ பழுதானால் துடிப்பு மந்தமாகிவிடுமாம். அதற்கு மதுரையில் போய் பேஸ்மேக்கர் வைக்கணும். தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்து, அதிலிருந்து ஒயரை இதயத்துக்குள் விடுவார்கள். துடிப்பு குறைந்தால் அது தட்டிக்கொடுக்கும். ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும். இன்றைக்கே போகணும், கையெழுத்துப் போடுங்க என்றார்.

கண் டெஸ்டுக்குப் போனவன் நெஞ்சில் இயந்திரத்தோடு வந்தால் மேனேஜர் வேலையா கொடுப்பார்? வேலையை விடுங்கள், ஒயர் அறுந்துபோனால்? பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். ஒழுங்காக இருந்தவனைச் சொட்டு மருந்து விட்டு விழவைத்தது அந்தக் கண்ணாஸ்பத்திரி, முதலில் அங்கே என்ன விட்டார்கள் என்று விசாரியுங்கள் என்று கத்தினேன். அன்றைக்கே போன் போட்டு விசாரித்துவிட்டேன், வழக்கமாக எல்லாருக்கும் விடுகிறதுதான், சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்றேன்.

"ஏங்க, உசுரு போறதுக்குள்ள கையெழுத்தைப் போடுங்க. வேலை போனாப் போகுது, நான் மில்லுக்குப் போயிச் சோறு போடுறேன்" என்றாள் முத்துலட்சுமி. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது.

அக்கா, அந்தப் பாட்டிலை எடு என்றேன். அவள் தயங்கினாள். எடுக்கா என்று அதட்டினேன். கூடையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுவும் கண்ணுக்கு விடுற சொட்டு மருந்துதான். ஒரு மாசத்துக்கு மேல ரெண்டு வேளையும் விட்டுக்கிட்டு இருக்கேன். இன்னைக்குக் காலையில கூட விட்டாச்சு. ஒரு நாளு தலை சுத்திருக்குமா? அவிய ஒரு நாளு விட்டாங்க, விழுந்துட்டேன். இப்பச் சொல்லுங்க, எந்த மருந்துல கோளாறு?"

மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டாக்டர் பாட்டிலை வாங்கினார். திருப்பினார். பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இதை ஏன் சொல்லலை என்றார். மருந்து என்னன்னுதானே கேட்டீங்க, இது சொட்டுதானே என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக விளக்கினார். கண்ணில் விடுகிற சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் மூக்கோரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, கண்ணீர் அது வழியாகத்தான் மூக்குக்குள் இறங்கும். மருந்தும் அப்படியே இறங்கி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். கண் பிரஷருக்கு விடுகிற இந்த மருந்தும் என் பி.பி. மாத்திரையும் ஒரே குடும்பம். இரண்டும் இதயத்துடிப்பைப் பிடித்துக் குறைக்கிற வேலையைத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்தின பிறகும் திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று சொட்டாக அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. கண்ணாஸ்பத்திரியில் விட்ட மருந்தும் பயமும் சேர்ந்து, ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருந்தவனைக் கீழே தள்ளியது. அவ்வளவுதான். அசதியும் மூச்சுவாங்கலும்கூட இதனால்தான்.

மதுரை வேண்டாம், இதை நிறுத்திவிட்டுப் பார்ப்போம், அநேகமாக இயந்திரமே தேவைப்படாது என்றார். முத்துலட்சுமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வாய் வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது உங்களுக்கு எழுதின மருந்து. மாசம் ஒரு பாட்டில்தான் கொடுப்பாங்க. தம்பிக்கு இதை விட்டா, நீங்க எதை விடுறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலயே" என்றாள்.

நான் அவளிடம் இன்னொரு பாட்டில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கேட்கவே இல்லை. ஊரில் எல்லாரையும் கேட்டேன், இவளைக் கேட்கவில்லை. ஒரு பாட்டில் இரண்டு பேருக்குக் காணாது, உனக்கு வேலைக்குக் கண்ணு வேணும், நான் வீட்டுக்குள்ள கெடக்கிறவதானே என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். முத்துலட்சுமி அவளை என்னென்னவோ ஏசினாள், என்னையும் சேர்த்து. பிறகு அவளே கீழே மருந்துக்கடைக்கு ஓடிப்போய் புதுப் பாட்டில் வாங்கிவந்து, அக்கா கண்ணில் விட்டாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

இன்றைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களைவிட அவங்கதான் அவசரம் என்று டாக்டர் சொல்லிப்பார்த்தார். அக்கா அசையவில்லை. இவனுக்கு நாடி ஏறட்டும், பொறவு வாரேன் என்றுவிட்டாள். முத்துலட்சுமி கெஞ்சினாள், நான் திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற நர்ஸையெல்லாம் நம்பர் எம்புட்டு என்று கேட்டாள். அவளுக்கு அந்தத் திரை தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் அறுபதைத் தாண்டியது. அதற்கு மறுநாளும் இறங்காமல் நின்றது. பி.பி.க்கு வேறு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பில்லை வரி வரியாகப் படித்து ஓரிடத்தில் சண்டையும் போட்டேன், அது எனக்குத் தெரியாமல் வருகிற பழக்கம். ஆனால் ஆட்டோவை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அக்காவைக் கையைப் பிடித்து ஏற்றி, நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். என்னைப் பார்த்ததும், சொட்டு விட்ட அந்தப் பெண், முதலில் நீங்க உட்காருங்க சார் என்றாள்.

டாக்டரம்மா அக்காவின் கண் அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. பிறகு எதிரே உட்கார்ந்து, பார்வை இல்லாத இடது கண்ணை மூடச் சொல்லி, என் மூக்கையே பாருங்கம்மா, பக்கவாட்டில் எத்தனை விரல் தெரியுதுன்னு சொல்லுங்க என்றார். நான் அக்காவுக்குப் பின்னால், சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். நேரே நீட்டினபோது சரியாகச் சொன்னாள். கொஞ்சம் தள்ளி நீட்டினார். தெரியுது, ரெண்டு என்றாள். சரிதான். இன்னும் தள்ளி, காதுக்கு நேரே கொண்டுபோனார். தெரியுதா என்றார். தெரியுது, ரெண்டு என்றாள். அங்கே அவர் நான்கு விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். இந்தத் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் தெரியுதாம்மா என்றார்.

"தெரியுதே. ரெண்டு" என்றாள் அக்கா, நல்ல சத்தமாக, எனக்குக் கேட்கிற மாதிரி.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓரப் பார்வை போனது போனதுதான், திரும்ப வராது, நடுவில் இருக்கிறதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். நான் சரி என்றேன்.

வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"யக்கா, அந்தம்மா கடைசியா கையையே நீட்டல" என்றேன்.

அவள் என் பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பினாள். அப்படித் திருப்பினால்தான் அவளுக்கு இப்போது ஆள் தெரிகிறது.

"அதை விடுடா. உனக்கு நாடி இப்ப எம்புட்டு அடிக்கு?"

"எழுபத்திரெண்டு."

"அப்பச் சரி" என்றாள்.